போர்ட் திறந்திருக்கிறதா? யாருக்குத் திறந்திருக்கிறது என்று பாருங்கள்

விண்டோஸ் கணினியில் 135, 445 போர்ட்கள் (நெட்வொர்க் வழியே ப்ரோக்ராம்களை எட்டும் எண்ணிட்ட வாசல்கள்) திறந்திருப்பதைப் பார்த்ததும் பலர் பதறிவிடுகிறார்கள். புதிதாக விண்டோஸ் போட்ட கணினியிலும் இவை திறந்துதான் இருக்கும். எந்த ப்ரோக்ராம் திறந்திருக்கிறது, அதை எங்கிருந்து எட்ட முடியும் என்பதே கேள்வி.

இதற்குத் தனி மென்பொருள் வேண்டாம். ஸ்டார்ட் மெனுவில் ரிசோர்ஸ் மானிட்டரைத் தேடித் திறந்து, நெட்வொர்க் டேபில் உள்ள லிசனிங் போர்ட்ஸ் பகுதியை விரியுங்கள். ப்ரோக்ராம் பெயர், முகவரி, போர்ட் எண், ஃபயர்வால் (வெளியிலிருந்து வரும் இணைப்புகளை வடிகட்டும் காவல்) நிலை எல்லாம் ஒரே வரியில் இருக்கும். முகவரியில் 'லூப்பேக்' என்றிருந்தால் அந்தக் கணினிக்குள் மட்டுமே பேசும்; விட்டுவிடலாம். 'அன்ஸ்பெசிஃபைட்' என்றால் எல்லா நெட்வொர்க் இணைப்புகளிலும் காத்திருக்கிறது. அங்கே ஃபயர்வால் அனுமதியும் இருந்து, ப்ரோக்ராமும் தெரியாத பெயராக இருந்தால், அதைத்தான் தோண்ட வேண்டும். 3389 தென்பட்டால், தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப் ஓடுகிறது. தேவையில்லையென்றால் உடனே அணையுங்கள்.

445 ஃபைல் ஷேரிங்குக்கானது. 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாகிரை வைரஸ் பரவியது இதன் வழியாகத்தான். மைக்ரோசாஃப்ட் அதற்கான பேட்ச்சை மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. போடாத கணினிகள் மாட்டின. விடுதி, கஃபே வைஃபையில் நெட்வொர்க்கை 'பப்ளிக்' என்றே வையுங்கள். ஃபைல் ஷேரிங்கை ஃபயர்வால் மறித்துவிடும்.

சோதிக்கும்போது ஒரு தவறு நடக்கிறது. கணினி தன்னைத்தானே ஸ்கேன் செய்தால் ஃபயர்வால் குறுக்கே வராது, அடைபட்டதும் திறந்ததாகத் தெரியும். அதே வைஃபையில் உள்ள போனிலிருந்து ஸ்கேன் செய்யுங்கள். இணையத்தில் கிடைக்கும் போர்ட் சோதனைத் தளங்களோ பெரும்பாலும் உங்கள் ரௌட்டரைத்தான் தட்டிப் பார்க்கின்றன. ரௌட்டரின் வேன் (WAN, அதாவது இணையப் பக்க) முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், அந்தச் சோதனை ரௌட்டரைக்கூடத் தொடவில்லை. இணைய நிறுவனத்தின் கருவியோடு நின்றுவிட்டது.

நிஜமான ஓட்டை பெரும்பாலும் ரௌட்டரில்தான் இருக்கிறது. சிசிடிவி பொருத்த வந்தவர் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை வீட்டுக் கருவிக்கு அனுப்பும் அமைப்பு) போட்டுவிட்டு, பதிவுக் கருவியான டிவிஆரின் பாஸ்வேர்டை மாற்றாமல் போயிருப்பார். ரௌட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் பட்டியலைத் திறந்து தேவையற்றதை அழியுங்கள். யூபிஎன்பி-யையும் அணையுங்கள், வீட்டில் உள்ள எந்தக் கருவியும் உங்களைக் கேட்காமலே ரௌட்டரில் போர்ட் திறக்க அது வழிவிடுகிறது. அணைத்தபின் சில ஆன்லைன் விளையாட்டுகள் முரண்டு பிடிக்கலாம், அவற்றுக்கு மட்டும் கையால் திறந்துகொள்ளலாம். ஐபிவி6 (புதிய வகை இணைய முகவரி) இணைப்பு இருந்தால் ரௌட்டரில் அதற்கான ஃபயர்வால் ஆனில் இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள். பழைய வகையான ஐபிவி4-க்குச் செய்த சோதனை அதைக் காட்டாது.