டெலஸ்கோப்பியம்: தொலைநோக்கியின் பெயர் பெற்ற கழிநத்தை

அலையாத்திக் காடுகளின் சேற்றில் ஊர்ந்து வாழும் ஒரு பெரிய நத்தைக்கு, டெலஸ்கோப்பியம் டெலஸ்கோப்பியம் என்பது அறிவியல் பெயர். 1758இல் சுவீடன் நாட்டு இயற்கை அறிஞர் லின்னேயஸ் இதனை டுரோக்கஸ் என்னும் பேரினத்துள் வைத்து, டெலஸ்கோப்பியம் என்பதைச் சிற்றினப் பெயராக இட்டார். 1810இல் பிரெஞ்சு இயற்கை அறிஞர் மோன்ஃபோர் அச்சொல்லையே பேரினப் பெயராகவும் ஆக்கியதால் பெயர் இரட்டித்தது. இவ்வாறு ஒரே சொல் இருமுறை வருவதை விலங்கியல் ஏற்கிறது, தாவரவியல் ஏற்பதில்லை.

சொல்லின் வேர் கிரேக்கம். ‘டெலே’ என்பது தொலைவு, ‘ஸ்கோப்பெயின்’ என்பது நோக்குதல். கலிலியோவின் கருவிக்காக 1611இல் கிரேக்கக் கணித அறிஞர் டெமிசியானி ஆக்கிய பெயர், பின்னர் நத்தைக்கு வந்து சேர்ந்தது. தட்டையான அடியிலிருந்து நுனிவரை சீராகக் குறுகி, சுற்றுதோறும் வரிப்பள்ளம் ஓடும் இதன் ஓடு, இழுத்து நீட்டிய பழைய தொலைநோக்கிக் குழாயை ஒத்திருக்கிறது; ஆகவே பெயர் வடிவத்தைச் சுட்டுகிறதேயன்றிப் பார்வையைச் சுட்டவில்லை.

இங்குதான் தமிழாக்கத்தில் கவனம் வேண்டும். ‘தொலைநோக்கி நத்தை’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், ‘நோக்கி’ என்னும் வினைமுதற் பெயர் தொலைவில் உள்ளதைப் பார்க்கும் உயிரி என்ற பொருளையே முதலில் தரும். உணர்கொம்புக் கண்களோடு மேலுறையின் (உடலைப் போர்த்தும் தோல்மடிப்பின்) விளிம்பில் மூன்றாவது கண்ணொன்றும் இதற்கு இருப்பதால், அந்தப் பிழை இன்னும் எளிதில் வேரூன்றிவிடும்.

நத்தை என்பதற்கு உறவான பழஞ்சொல் நந்து. ‘நந்தும் முரளும் ஈரறி வினவே’ என்று தொல்காப்பிய மரபியல் அதனைத் தொடுதலும் சுவைத்தலும் உடைய உயிராக வகைப்படுத்துகிறது. வாழிடத்துக்கும் நம்மிடம் நல்ல சொல் உண்டு. கடல்நீர் ஓதத்தோடு (கடல் ஏற்றத்தோடு) உள்ளேறி ஆற்றுநீருடன் கலக்கும் இடம் கழி. நெய்தல் பாடல்களில் ‘இருங்கழி’ என வருவது அதுவே. அங்குள்ள நீர் உவர்நீர்: கிலோவுக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புடைய கடல்நீரைவிடக் குறைந்த உப்பும், நன்னீரைவிட மிகுந்த உப்பும் கொண்டது. அந்த உப்பின் அளவு ஓதத்துக்கும் மழைக்கும் ஏற்ப மாறும். இந்தியா முதல் வட ஆஸ்திரேலியா வரையுள்ள இத்தகைய கரைகளில், ஓதம் வடிந்தபின் சேற்றின் மேலுள்ள பாசியையும் மட்கிய பொருளையும் இந்நத்தை மேய்கிறது. உலர்ந்த வேளையில் மூடியால் ஓட்டுவாயை அடைத்துக்கொள்கிறது.

இது சேர்ந்த பொட்டாமிடிடே குடும்பத்தின் பெயர், ஆறு எனப் பொருள்படும் ‘பொட்டாமோஸ்’ என்பதிலிருந்து வந்தது. அக்குடும்பத்துக்குக் ‘கழிநத்தைகள்’ என்பதும், இவ்வினத்துக்கு ஓட்டின் வடிவம் விளங்கக் ‘கூம்புக் கழிநத்தை’ என்பதும் பொருந்தும் என்பது என் பரிந்துரை.