சின்னக் கப்பை நிறைய ஊற்றுங்கள்: புட்டியை விடும் குழந்தையின் வாய்க்குள் நடப்பது

குழந்தைக்குக் கப்பில் குடிக்கப் பழக்கும்போது, சிந்திவிடுமே என்ற பயத்தில் டம்ளரின் அடியில் கொஞ்சூண்டு பாலை ஊற்றிக் கொடுப்பவர்கள்தான் அதிகம். குழந்தைக்குப் புரையேறுகிறது. முகம் சிவக்க இருமிவிட்டு வாயை இறுக மூடிக்கொள்கிறது. கப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று புட்டியைத் திரும்ப எடுத்துவிடுகிறார்கள். பழி குழந்தைமேல் விழுகிறது. கோளாறு இருந்தது ஊற்றிய அளவில்.

நீங்களே ஓர் உயரமான டம்ளரின் அடியில் மட்டும் தண்ணீர் விட்டுக் குடித்துப் பாருங்கள். தண்ணீர் உதடு வரை வர டம்ளரைக் கிட்டத்தட்டக் கவிழ்க்க வேண்டியிருக்கும். எதிர்ப்பக்க விளிம்பு மூக்கில் இடிக்கும். தலை தானாகப் பின்னால் சாயும். தலை சாய்ந்து கழுத்து நீண்டிருக்கும்போது மூச்சுப்பாதையைச் சரியாக மூடிக்கொண்டு விழுங்குவது கடினம். அந்த நேரம் பார்த்து, அடியில் கிடந்த தண்ணீர் மொத்தமும் சரிந்து ஒரே மடக்காக வாயில் விழும். பெரியவர்கள் சமாளித்துவிடுவோம், ஏழு மாதக் குழந்தையால் முடியாது.

30 மில்லி மட்டுமே பிடிக்கும் சின்னக் கப்பை எடுத்து, விளிம்புக்கு அரை சென்டிமீட்டர் கீழே வரை ஊற்றுங்கள். மருந்து அளக்கும் கப்கூட இந்த அளவில் இருக்கும். லேசாகச் சரித்தாலே பால் உதட்டைத் தொட்டுவிடும். தலை நிமிர்ந்தபடி, முகவாய் சற்றுத் தாழ்ந்தே இருக்கும். மொத்தமும் கவிழ்ந்தாலும் போவது இரண்டு மேசைக்கரண்டிப் பால்தான்.

புட்டியில் குடிப்பது முற்றிலும் வேறு வேலை. உதடுகள் நிப்பிளைச் சுற்றிக் காற்றுப் புகாமல் அடைத்துக்கொள்கின்றன. நாக்கு அதை அண்ணத்தோடு அழுத்தி, முன்னும் பின்னுமாக அலைபோல் அசைகிறது. நாக்கும் தாடையும் கீழிறங்கும் ஒவ்வொரு முறையும் வாய்க்குள் அழுத்தம் குறைய, புட்டியிலிருக்கும் பால் உள்ளே பாய்கிறது. பசியோடு குடிக்கும் குழந்தை ஏறக்குறைய நொடிக்கு ஒரு தரம் இப்படி உறிஞ்சும். உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றும் ஒரே தாளத்தில் ஓடும்.

கப் இந்தத் தாளத்தைக் கலைத்துவிடுகிறது. கீழுதடு விளிம்புக்கு அணைபோல் நிற்க வேண்டும். மேலுதடு இறங்கி வந்து பாலைத் தொட்டு, எவ்வளவு உள்ளே விடலாம் என்று பார்க்க வேண்டும். நாக்கு வெளியே துருத்தாமல் ஈறுக்குப் பின்னால் இருந்து, வந்த பாலைக் குழியில் ஏந்தி, நுனியை மேலே உயர்த்திப் பின்னால் தள்ள வேண்டும். விழுங்கும் கணத்தில் மூச்சு நிற்க வேண்டும். இத்தனைக்கும் தாடை ஆடாமல் இருக்க வேண்டும், அதுதான் குழந்தைக்கு இன்னும் கைவராத வித்தை. ஒரு வயதுக் குழந்தை கப்பின் விளிம்பைக் கடித்துப் பிடித்துக்கொண்டு குடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைச் சேட்டை என்று அதட்ட வேண்டாம். ஆடும் தாடைக்கு அது கொடுக்கும் முட்டு அது. இரண்டு வயதை ஒட்டித் தானாகவே மறையும். அதுவரை கண்ணாடி டம்ளர் வேண்டாம். தடித்த விளிம்பும் வேண்டாம், உதடு அதை உணர்ந்து பிடிக்கத் திணறும்.

எப்போது தொடங்கலாம்? வாய்க்குள் எது வந்தாலும் நாக்கால் வெளியே தள்ளும் அனிச்சைச் செயல் நாலிலிருந்து ஆறு மாதத்துக்குள் தணிந்துவிடும். ஆறு மாத வாக்கில் தலை நின்று, பிடிமானத்தோடு உட்காரவும் முடியும். திட உணவு தொடங்கும் அந்தச் சமயமே கப்புக்கும் ஏற்ற காலம். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் பரிந்துரையும் ஏறக்குறைய ஆறு மாதத்தில் கப்பை அறிமுகப்படுத்தி, 12 முதல் 18 மாதங்களுக்குள் புட்டியை நிறுத்துவதுதான். குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால், பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து மாதத்தை எண்ணுங்கள். தாய்ப்பால் மட்டும் குடித்த குழந்தை புட்டியைத் தொடாமலே நேராகக் கப்புக்கு வரலாம்.

பழக்கும் முறை இது. குழந்தையை நிமிர்த்தி உட்கார வையுங்கள். இடுப்பு பின்னால் ஒட்டியிருக்கட்டும், பாதம் எதன் மீதாவது பதிந்திருக்கட்டும். கால் அந்தரத்தில் தொங்கினால் உடம்பு ஆடும், உடம்பு ஆடினால் தாடையும் ஆடும். விளிம்பைக் கீழுதட்டின் மேல் வையுங்கள், நாக்கின் மேல் வேண்டாம். பால் மேலுதட்டைத் தொடும் வரை சரித்து, அங்கேயே நிறுத்திவிடுங்கள். வாய்க்குள் ஊற்றக் கூடாது. முதல் நாட்களில் குழந்தை நக்கும், குமிழி ஊதும், பாதியை வழியவிடும். மூன்று, நான்கு நாட்களிலோ இரண்டு வாரங்களிலோ மேலுதடு இறங்கி வருவதைக் கண்ணால் பார்க்கலாம். இரண்டு வாய் குடித்ததும் கப்பை எடுத்து மூச்சு விட இடம் கொடுங்கள். சாப்பாட்டு நேரத்தில் நாளுக்கு ஒரு தடவை, நான்கைந்து வாய் போதும். தூக்கக் கலக்கத்திலோ கடும் பசியிலோ பழக்கினால் அழுகைதான் மிஞ்சும்.

தண்ணீர் சட்டென்று ஓடும்; அதனால்தான் முதலில் புரையேறுகிறது. மசித்த பழத்தில் குழந்தை வழக்கமாகக் குடிக்கும் பாலைக் கலந்து கொஞ்சம் கெட்டியாக்கினால் மெதுவாக நகரும், நாக்குக்கு யோசிக்க நேரம் கிடைக்கும். சில நாட்களில் நீர்க்க விட்டுக்கொள்ளலாம். ஆறு மாதம் முதல் ஒரு வயது வரை நாளுக்கு 120 முதல் 240 மில்லிக்கு மேல் தண்ணீர் வேண்டாம், வயிறு நிறைந்து பால் குறைந்துவிடும். ஒரு வயதுக்கு முன் பசும்பாலைக் குடிபாலாகக் கொடுக்காதீர்கள். பால் பவுடரை டின்னில் போட்டிருக்கும் அளவைவிட நீர்க்கக் கரைக்கவே கூடாது: சத்துக் குறைவதோடு, ரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்பு வரை கொண்டுபோய்விடும்.

கவிழ்த்தாலும் சிந்தாத சிப்பர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மூடிக்குள் ஒரு சிலிக்கோன் வால்வு இருக்கிறது. உறிஞ்சினால்தான் அதன் கீறல் திறக்கும். அதாவது குழந்தை புட்டியில் செய்த அதே வேலையைத்தான் செய்கிறது. சிப்பர் மூடியின் நீட்டிய மூக்கு நாக்கின் மேல் படிந்துவிடுவதால், நுனி நாக்கு மேலே எழும் பழக்கமும் தள்ளிப்போகிறது. பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், பழக்குவதற்கு அது உதவாது. வேறு வழியில்லை என்றால் வால்வைக் கழற்றிவிட்டுக் கொடுங்கள். அப்படிக் கழற்றும்போது உள்மடிப்பைப் பாருங்கள்: பால் தங்கிப் பூஞ்சை பிடிக்கும் இடம் அதுதான், தினமும் பிரித்துக் கழுவ வேண்டும்.

ஸ்ட்ரா நல்ல துணை. ஸ்ட்ராவைப் பாலில் முக்கி, மேல் துளையை விரலால் அடைத்து வெளியே எடுங்கள். கீழிருந்து வெளிக்காற்று அழுத்துவதால் பால் விழாமல் நிற்கும். நுனியைக் குழந்தையின் உதட்டில் வைத்து, உதடு மூடியதும் விரலை எடுங்கள். இரண்டு சொட்டு இறங்கும். சில தடவைக்குப் பிறகு, விரலை எடுக்கும் முன்பே குழந்தை இழுக்கத் தொடங்கும். ஸ்ட்ரா வாய்க்குள் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் போக வேண்டாம். அதிகம் போனால் நாக்கு மறுபடி நிப்பிளைப் போல் அதைச் சுற்றிக்கொள்ளும்.

கப் கைவந்ததும் புட்டிகளை ஒவ்வொன்றாக நிறுத்துங்கள். நடுப்பகல் புட்டி முதலில். அப்போது விளையாட்டும் சாப்பாடும் இருப்பதால் குழந்தை அதைத் தேடாது. அந்தப் பாலை அப்படியே கப்பில் கொடுத்து, ஐந்திலிருந்து ஏழு நாள் பொறுத்து அடுத்ததற்குப் போகலாம். காலைப் புட்டி அதன்பின், இரவுப் புட்டி கடைசி. ஒரேயடியாக நிறுத்த முடியாத புட்டியில் இரண்டு நாளுக்கு ஒரு தரம் 30 மில்லியாகக் குறையுங்கள்.

பால் அளவு குறைகிறதே என்று பல வீடுகளில் பதறுகிறார்கள். ஒரு வயது கடந்த குழந்தைக்கு நாளுக்கு அரை லிட்டர் பால் தாராளம். 700 மில்லியைத் தாண்டுவதுதான் ஆபத்து: பசும்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு, அதிலுள்ள கால்சியமும் கேசின் என்ற புரதமும் மற்ற உணவின் இரும்பையும் உடம்பில் சேரவிடாது, வயிறு நிறைந்த குழந்தை சாப்பாட்டையும் ஒதுக்கும். நாள் முழுக்கப் புட்டியோடு திரியும் குழந்தைக்கு ரத்தசோகை வருவது இப்படித்தான். ஒரு வயதுக்குக் கீழே மட்டும் பால் அளவில் கவனம் வேண்டும். கப்பில் போகாததைக் கரண்டியிலோ தாய்ப்பாலாகவோ ஈடுகட்டுங்கள். 24 மணி நேரத்தில் ஆறு தடவையாவது சிறுநீர் போகிறதா என்று பாருங்கள். அது வெகுவாகக் குறைந்தாலோ, அடர்மஞ்சளாகப் போனாலோ நிறுத்தும் வேகத்தைக் குறையுங்கள், மருத்துவரிடமும் கேளுங்கள். ஒவ்வொரு வாய்க்கும் இருமல், குடித்தபின் குரலில் நீர் கரகரப்பு, மூக்கு வழியே பால், அடிக்கடி நெஞ்சுச் சளி என்றால் பழக்குவதை நிறுத்திவிட்டு, விழுங்குவதில் குறை இருக்கிறதா என்று பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

இரவுப் புட்டிதான் மிகவும் கஷ்டம், மிகவும் அவசரமும் அதுதான். தூங்கும்போது எச்சில் சுரப்பது குறைந்துவிடும். மேல் முன்பற்களைச் சுற்றித் தேங்கும் பாலின் சர்க்கரையை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற பாக்டீரியாக்கள் அமிலமாக்கி எனாமலைக் கரைக்கும். கீழ்ப்பற்களை நாக்கு மூடிக் காப்பதால், சொத்தை மேல் முன்பற்களில்தான் முதலில் வெண்கோடாகத் தெரியும். படுத்தபடி குடிப்பது காதுக்கும் ஆகாது. குழந்தையின் நடுக்காதைத் தொண்டையோடு இணைக்கும் குழல் குட்டையாகவும் கிடைமட்டமாகவும் இருப்பதால் பால் அங்கே ஏறிவிடும்.

தூங்குவதற்கு அரை மணி நேரம் முன்பு, விளக்கு எரியும் அறையில், மடியில் நிமிர்த்தி வைத்துக் கப்பில் பால் கொடுங்கள். பிறகு பல் துலக்கிப் படுக்க வையுங்கள். உறிஞ்சுவதில் கிடைத்த ஆறுதலை ஈடுசெய்ய, முதுகைத் தட்டிக் கொடுக்கவோ அணைத்துப் பிடிக்கவோ ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். சில இரவுகள் அழுகை இருக்கும். ஒரு வயது கடந்த குழந்தை எதற்கும் அடங்கவில்லை என்றால் புட்டியில் வெறும் தண்ணீர் மட்டும் கொடுங்கள், சீக்கிரமே சலித்துவிடும். கடைசிப் புட்டி நின்றதும் மீதிப் புட்டிகளை வீட்டிலிருந்தே அகற்றிவிடுங்கள். கண்ணில் பட்டால் குழந்தை கேட்கும். காய்ச்சல் கண்ட இரவில் நீங்களும் எடுத்துக் கொடுத்துவிடுவீர்கள்.