மொட்டை நுனி மேலே ஏறுகிறது

ஏற்காட்டிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "தொட்டியில் சைவ்ஸ் வளர்க்கிறேன். சூப்பில் தூவ நறுக்கினால், நறுக்கிய அதே தாள் ஒரு வாரத்தில் மறுபடி நீள்கிறது. ஆனால் நுனி மட்டும் மொட்டையாகவே நிற்கிறது. ஏன்?"

சைவ்ஸ் வெங்காயக் குடும்பத்துக் கடைக்குட்டி. உள்ளே புழையோடிய மெல்லிய தாள். (பெயரில் சைவம் ஒலித்தாலும், வெங்காயம் விலக்கும் வீட்டில் இதற்கும் இடமில்லை.) குளிர் விரும்பி என்பதால் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்து ஏற்காட்டில் சுகமாக இருக்கும். கீழே சேலத்தில், என் மொட்டை மாடியில், சித்திரை வெயிலுக்கு இரண்டு முறை கருகிவிட்டது.

கேள்விக்கு வருவோம். அவர் ஊர்க் காப்பிச் செடியைப் பாருங்கள். தலையைக் கிள்ளினால் அந்தத் தண்டு உயராது. பக்கக் கிளைகள்தான் வரும். உயரம் கூட்டும் ஆக்குத்திசு, அதாவது செல்கள் பிரிந்து பெருகும் திசு, தண்டின் நுனியில் இருக்கிறது. பாதி கிழிந்த காப்பி இலையோ கிழிந்தபடியே இருந்து உதிரும். சைவ்ஸ், புல் போன்ற ஒருவித்திலைத் தாவரங்களின் தாளில் கதை தலைகீழ். செல்கள் பிரிந்து பெருகும் இடம் தாளின் அடியில், உறைக்குள் ஒளிந்திருக்கிறது. அங்கே பிறக்கும் புதிய செல்கள் மூத்தவற்றை மேலே தள்ளுகின்றன. முறுக்கு உழக்கில் முதலில் வெளிவந்த மாவு கடைசியில் எங்கே இருக்கும்? தொலைவான முனையில். தாளும் அப்படித்தான், நுனிதான் அதன் கிழட்டுப் பகுதி, பழுக்கத் தொடங்குவதும் அங்கேதான். கத்தி வெட்டியது வளர்ந்து முடிந்த பகுதியை. அடியில் நடக்கும் வேலைக்கு அந்தச் செய்தியே எட்டவில்லை!

நம்ப முடியாவிட்டால் என்னைப்போல் செய்து பாருங்கள். இளந்தாள் ஒன்றில், மண்ணருகே தொடங்கி ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் அழியாத மையால் புள்ளி வைத்தேன். ஒரு வாரத்தில் அடிப்புள்ளி மூன்று விரற்கடை மேலே போயிருந்தது. அதற்குக் கீழே புள்ளியே இல்லாத பச்சைத் தாள். மேலிருந்த புள்ளிகளுக்கிடையே அதே ஒரு சென்டிமீட்டர். அன்று மாலை காப்பி ஆறியதுகூடத் தெரியவில்லை.

ஆகவே மண்ணோடு ஒட்ட அறுக்காதீர்கள். அந்த அடிப்பகுதி போனால் அந்தத் தாள் முடிந்தது. செடி உள்ளிருந்து வேறு தாளை அனுப்ப வேண்டியிருக்கும். இரண்டு விரற்கடை விட்டு நறுக்கினால் போதும்.

வளர்பிறையில் நறுக்கினால்தான் வேகமாகத் துளிர்க்கும் என்கிறார் பக்கத்து வீட்டு அத்தை. எனக்கு நம்பிக்கையில்லை, ஆனால் அவரோடு வாதாடுவதில்லை. மை பாட்டிலைக் கொடுத்திருக்கிறேன். இரண்டு பட்சத்திலும் புள்ளி வைத்து அளக்கட்டும், தண்ணீரை மட்டும் ஒரே அளவாக ஊற்றி.