மூட்டைப்பூச்சி உங்கள் பையில் எப்படி ஏறுகிறது?

லாட்ஜில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வந்தவர் வீட்டில், கொஞ்ச நாள் கழித்து மூட்டைப்பூச்சி தென்பட்டால், அவர் உடம்பில் ஒட்டிக்கொண்டு வந்தது என்றே எல்லோரும் நினைப்பார்கள். பெரும்பாலும் அப்படி வருவதில்லை. பேனுக்கு முடியைப் பற்றிக்கொள்ளும் நகங்கள் உண்டு, அது தலையிலேயே குடியிருக்கும். மூட்டைப்பூச்சி நாம் தூங்கும்போது வரும், ஐந்து பத்து நிமிடம் ரத்தம் குடிக்கும், வயிறு உப்பியதும் இறங்கித் தன் இடுக்குக்குப் போய்விடும். பறக்கவும் முடியாது, தாவவும் முடியாது. ஊர் விட்டு ஊர் போக அதற்கு வாய்ப்பது நம் பைதான்.

அந்தப் பையை அது எப்படிக் கண்டுபிடிக்கிறது? இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்து, 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆளில்லாத அறையில் நான்கு துணிப்பைகளை வைத்தார்கள். இரண்டில் துவைத்த துணி, இரண்டில் போட்டுக் கழற்றிய துணி. நடுவே மூட்டைப்பூச்சிகளை விட்டார்கள். அழுக்குத் துணி இருந்த பைகளில் அவை இரண்டு மடங்கு போய்ச் சேர்ந்தன. இன்னொரு அறையில், ஆள் படுத்து மூச்சு விடுவதுபோல் கரியமில வாயுவின் அளவைக் கூட்டினார்கள். அங்கே பூச்சிகள் மறைவிடத்தை விட்டு அதிகமாக வெளியே வந்தன. நம் மூச்சு அதைக் கிளப்பிவிடுகிறது, நம் உடம்பு வாசனை அதற்கு வழி காட்டுகிறது. பகலில் நாம் ஊர் சுற்றப் போன பிறகு, அறையில் நம் வாசனையோடு கிடப்பது கழற்றிப் போட்ட சட்டையும் பனியனும் சாக்ஸும்தான்.

அதனால் பயணத்தில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்: கழற்றிய துணியைக் கட்டிலிலோ தரையிலோ போடாமல், உடனே ஒரு பிளாஸ்டிக் கவரில் திணித்து இறுக்கி முடிச்சுப் போடுங்கள். காசு செலவில்லை, வாசனையும் வெளியே போகாது.

பையைக் கட்டிலில் வைக்கவே கூடாது. அறைக்குள் நுழைந்ததும் குளியலறையின் டைல்ஸ் தரையில் வைத்துவிட்டுப் படுக்கையைச் சோதிப்பது நல்லது. அங்கே ஒளிய இடம் குறைவு, கட்டிலும் தூரம். வழுக்கும் இரும்புக் கால் வைத்த ஸ்டாண்டில் பையை வைத்தால் போதும் என்று மேல்நாட்டுக் குறிப்புகள் சொல்லும். அது குளிர்நாட்டு இனத்துக்கு ஓரளவு சரி. நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் அதிகம் இருப்பது சைமெக்ஸ் ஹெமிப்டெரஸ் என்ற வேறு இனம். அதன் காலில் பிடிமானம் தரும் நுண்மயிர்கள் கூடுதலாக இருப்பதால், வழவழப்பான பரப்பிலும் நன்றாகவே ஏறும். ஸ்டாண்டை வைத்தாலும் சுவரையும் கட்டிலையும் ஒட்டாமல் தள்ளி வையுங்கள்.

சரி, படுக்கையில் என்ன பார்ப்பது? செல்போன் டார்ச்சைப் போட்டு, தலைமாட்டுப் பக்கத்து விரிப்பைத் தூக்கி, மெத்தையின் ஓரத் தையலை விரலால் பிரித்துப் பாருங்கள். வளர்ந்த பூச்சி ஐந்து ஆறு மில்லிமீட்டர் நீளம், செம்பழுப்பு நிறம், எளிதில் தெரியும். பசியோடு இருக்கும்போது மிகத் தட்டையாக இருப்பதால், ஏடிஎம் கார்டு நுழையும் இடுக்கு அதற்குப் போதும். பூச்சி கண்ணில் படாவிட்டாலும் அதன் தடயம் படும். துணியில் பேனா மை ஊறியதுபோல் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள் இருக்கும். ஈரத் துணியால் துடைத்தால் செம்பழுப்பாக இழுபடும். செரித்த ரத்தம் அது. பக்கத்திலேயே உரித்துப்போட்ட வெளிர்மஞ்சள் தோல்களும் கிடக்கலாம். முட்டையிலிருந்து வந்தது பெரிதாக ஐந்து முறை தோலுரிக்க வேண்டும், ஒவ்வொரு முறைக்கும் முன்னால் ரத்தம் குடித்தாக வேண்டும். அப்புறம் கட்டிலின் தலைப்பலகைக்குப் பின்புறம், ஆணித் துளைகள், மாட்டியிருக்கும் படத்தின் பின்பக்கம்.

தடயங்கள் ஒரே இடத்தில் குவிந்திருப்பதற்கும் காரணம் இருக்கிறது. உரித்த தோலில் இருக்கும் ஹிஸ்டமின் என்ற பொருள், மற்ற பூச்சிகளை அங்கேயே தங்க வைக்கிறது. கனடாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் ரெஜின் கிரீஸும் அவர் கணவர் கெர்ஹார்டும் சக ஆய்வாளர்களும் இதைக் கண்டறிந்து 2014-இல் வெளியிட்டார்கள். ஆய்வுக்கு வளர்த்த பூச்சிகளுக்கு ரெஜின் தன் கையையே கடிக்கக் கொடுத்தார், மொத்தம் சுமார் 1,80,000 கடிகள். அவருக்குக் கடித்த இடம் அவ்வளவாகத் தடிக்காது என்பதால்தான் இது முடிந்தது. பலருக்கு அப்படித்தான், தழும்பே தெரியாது. சிலருக்குப் பல நாள் கழித்தே அரிப்பு தொடங்கும். ஆகவே காலையில் எழுந்து கையைப் பார்த்துவிட்டு அறை சுத்தம் என்று முடிவுகட்ட வேண்டாம்.

தடயம் கண்டால் கூச்சப்படாமல் மேனேஜரிடம் சொல்லுங்கள். மூட்டைப்பூச்சி அழுக்கைத் தேடி வருவதில்லை, ரத்தத்தைத் தேடித்தான் வருகிறது. நட்சத்திர ஹோட்டலுக்கும் வரும். அதை ஏழ்மையோடு சேர்த்துப் பேசிப் பேசித்தான் எல்லோரும் மறைக்கிறார்கள், மறைத்தால் பரவத்தான் செய்யும். மாற்று அறை கேட்கும்போது பக்கத்து அறையும் நேர் மேல், கீழ் அறைகளும் வேண்டாம் என்று கேளுங்கள். சுவர் விரிசல் வழியாகவும் குழாய் போகும் ஓட்டை வழியாகவும் அவை நடந்தே வந்துவிடும்.

வீடு திரும்பியதும் வெப்பம்தான் ஆயுதம். ஸ்பிரேயை நம்ப முடியாது. டிடிடி அடித்தும் சாகாத மூட்டைப்பூச்சிகளை ஹவாயில் 1947-லேயே பார்த்துவிட்டார்கள், இன்றைய பைரித்ராய்டு மருந்துகளையும் பல இடங்களில் அவை தாங்குகின்றன. வெப்பத்தைத் தாங்குவதில்லை. 50 டிகிரி செல்சியஸில் வளர்ந்த பூச்சி சாகும், முட்டைக்கு 55 டிகிரி தேவை. துணிகளை 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் இரண்டும் மிஞ்சாது. வெயிலில் காயப்போடும் நம் வழக்கம் மெல்லிய பாய்க்கும் போர்வைக்கும் ஓரளவு உதவும். தடித்த மெத்தையிலும் நிரம்பிய பையிலும் பூச்சி நிழல் பக்கமாக நகர்ந்துவிடும், நடுப்பகுதியும் அவ்வளவு சூடாகாது.

பையைக் காலி செய்து, ஜிப் ஓரங்களையும் தையல்களையும் வேக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுங்கள். வெந்நீரில் போட முடியாத புத்தகம், செருப்பு, குழந்தையின் பொம்மை போன்றவற்றை மூடிய கவரில் போட்டு, மைனஸ் 18 டிகிரி காட்டும் ஃப்ரீசரில் நான்கு நாள் வைத்து எடுக்கலாம்.