கிளி ஏன் மண் தின்கிறது, விடுதி வாடகை எங்கே போகிறது

பெரு நாட்டின் தென்கிழக்கில், தம்போபாத்தா ஆற்றங்கரையில் இருக்கும் காட்டு விடுதிகளில் தங்கினால் நாலு மணிக்கே எழுப்பிவிடுவார்கள். இருட்டில் படகேறி, ஆறு அரித்துச் செங்குத்தாக நிற்கும் ஒரு செம்மண் கரையைப் பார்த்தபடி கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார வேண்டும். வெளிச்சம் வந்ததும் கிளிகள் வரும். உடனே இறங்காது, மரத்தில் உட்கார்ந்து அரைமணி நேரம் கத்தும், எங்கேயாவது ஒரு கழுகு நிழல் தெரிந்தால் அத்தனையும் பறந்துபோய்விடும், அன்றைய காட்சி அவ்வளவுதான். அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு பஞ்சவர்ணக்கிளி துணிந்து கரையில் தொற்றிக்கொள்ளும். அலகால் ஒரு கட்டி மண்ணைப் பெயர்த்துக் காலில் பிடித்துக்கொண்டு, தேங்காய்ச் சில்லைக் கடிப்பதுபோல நிதானமாகத் தின்னும். அதைப் பார்த்த மற்றவையும் இறங்கிவிடும்.

மசக்கையில் மண் தின்ன ஆசைப்படும் பெண்களை நமக்குத் தெரியும். கிளிக்கு என்ன வந்தது?

காய்களிலும் விதைகளிலும் இருக்கும் நஞ்சை முறிக்கத்தான் என்று முதலில் நினைத்தார்கள். களிமண் நஞ்சைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பது ஆய்வகச் சோதனையில் நிரூபணமும் ஆனது. ஆனால் தம்போபாத்தாக் கிளிகள் கரை முழுவதையும் தின்பதில்லை, குறிப்பிட்ட சில அடுக்குகளை மட்டும் தேடிப் போகின்றன. அந்த அடுக்குகளைச் சோதித்தால் சோடியம், அதாவது உப்பில் இருக்கும் சத்து, அதிகம். சரி, உப்புக்கு ஏன் இந்தப் பாடு? கடல் உப்பு மழையோடுதான் நிலத்துக்கு வருகிறது. அட்லாண்டிக்கிலிருந்து கிளம்பும் ஈரக்காற்று அமேசானைக் கடந்து ஆண்டிஸ் அடிவாரத்துக்கு வருவதற்குள் வழியெல்லாம் பெய்து உப்பை இழந்துவிடுகிறது, அந்தப் பக்கம் பசிபிக் பக்கத்திலேயே இருந்தும் மலை மறித்துக்கொண்டு நிற்கிறது. செடிகளுக்கோ சோடியம் அவ்வளவாகத் தேவையில்லை, அதனால் சேர்த்துவைப்பதும் இல்லை. பழமும் விதையுமே சாப்பாடு என்றால் உப்புக்கு மண்தான் கதி. குஞ்சு பொரிக்கும் காலத்தில் கூட்டம் கூடுகிறது, குஞ்சுகளின் இரைப்பையிலும் அந்த மண் இருக்கிறது. எனக்கு உப்புக் கணக்குதான் சரியாகப் படுகிறது.

குஞ்சுகளின் கதைதான் கொஞ்சம் கொடுமை. செம்பஞ்சவர்ணக்கிளி இரண்டு முதல் நான்கு முட்டைகள் இடும், அவை ஒரே நாளில் பொரிவதில்லை. மூத்ததுக்கும் அடுத்ததுக்கும் ஊட்டிவிட்டு, கடைசிக் குஞ்சைத் தாயும் தகப்பனும் கண்டுகொள்வதே இல்லை. அது பட்டினியில் சாகும். கூடு கட்டப் பெரிய பொந்துள்ள கிழட்டு மரங்களும் குறைவு. 1989-இல் இங்கே தொடங்கிய ஆய்வு நிலையத்தில், விடுதிக்கு வருகிறவர்களின் பணத்தையும் கொண்டு, பிவிசி குழாயையும் மரப்பெட்டியையும் உயரமான மரங்களில் கட்டித் தொங்கவிட்டார்கள், கிளிகளும் குடிவந்தன. பட்டினிக் குஞ்சுகளைக் கையால் வளர்த்தும் பார்த்தார்கள். பிழைத்தன, ஆனால் மனிதர் என்றால் பயமே இல்லாமல் போய், விடுதிச் சாப்பாட்டு மேசையிலிருந்து ரொட்டியைத் தூக்கிக்கொண்டு பறந்தன. இப்போது அந்தக் கடைக்குட்டியைக் கொஞ்ச நாள் தேற்றி, ஒற்றைக் குஞ்சு வைத்திருக்கும் வேறொரு ஜோடியின் கூட்டில் விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் அந்த ஜோடி தன் குஞ்சாகவே வளர்த்துவிடுகிறது.

காசு விஷயத்துக்கு வருவோம். தம்போபாத்தா இருக்கும் மாத்ரே தே தியோஸ் மாநிலம் தங்கத்துக்காக ஆற்றங்கரையைத் தோண்டிப் பாதரசம் கலக்கும் இடம். பசுமை என்று பலகை மாட்டினால் அது நின்றுவிடாது, காட்டை விட்டுவைத்தால் அங்கே இருப்பவர்கள் கைக்கும் நாலு காசு வர வேண்டும். இன்ஃபியெர்னோ என்ற கிராமம் (பெயருக்கு 'நரகம்' என்று அர்த்தம்!) 1996-இல் ஒரு சுற்றுலா நிறுவனத்தோடு 20 ஆண்டு ஒப்பந்தம் போட்டது. விடுதி நிற்பது கிராமத்து நிலத்தில். லாபத்தில் 60 சதவீதம் கிராமத்துக்கு, 40 நிறுவனத்துக்கு, முடிவெடுப்பதில் சரிபாதி என்பது அந்த ஒப்பந்தத்தின் கணக்காக இருந்தது. அந்த விடுதிதான் போசாதா அமேசோனாஸ்.

அங்கே த்ரெஸ் சிம்பாதாஸ் என்றொரு ஏரியில் ராட்சத நீர்நாய்கள் இருக்கின்றன. படகு கிட்டே போனால் அவை குட்டிகளோடு மிரண்டுவிடும் என்பதால், ஏரியின் ஒரு பகுதிக்குள் படகே போகக் கூடாது. அவை அந்தப் பக்கம் மீன் பிடித்துக்கொண்டிருந்தால், எவ்வளவு காசு கொடுத்து வந்திருந்தாலும் தொலைநோக்கியில் தெரிகிற புள்ளியைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.