மால்போர்க் கோட்டையும் நாம் எடுக்கத் தவறும் அளவுகளும்

பழைய கட்டடத்தின் சுவர் பொரிந்து உதிர்கிறது என்று, பழைய கட்டடங்களைச் செப்பனிடும் எங்களை அழைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எத்தனை மூட்டை சிமெண்ட் பிடிக்கும் என்பதைத்தான். அந்தச் சுவரை யாராவது அளந்து வரைந்து வைத்திருக்கிறார்களா என்று நான் திருப்பிக் கேட்டால் அவர்கள் முகம் சுருங்கிவிடும். அப்போதெல்லாம் வடபோலந்தில் நோகாட் ஆற்றங்கரையில் நிற்கும் மால்போர்க் கோட்டையைப் பற்றிச் சொல்வது என் வழக்கம்.

ஜெர்மானியக் கிறித்தவப் போர்வீரத் துறவிகளான ட்யூட்டானிக் துறவுப்படையினர் 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டத் தொடங்கிய செங்கல் கோட்டை அது. 1309இல் அவர்களுடைய தலைவர் வெனிஸிலிருந்து தம் இருப்பிடத்தை இங்கு மாற்றிக்கொண்ட பிறகு மிகப் பெரிதாக வளர்ந்தது. 1410இல் முற்றுகையைத் தாங்கி நின்ற அதே கோட்டை, 1457இல் சண்டையே இல்லாமல் கைமாறியது. சம்பளப் பாக்கிக்காக அதைப் பிடித்து வைத்திருந்த கூலிப்படையினர் போலந்து மன்னருக்கு விற்றுவிட்டனர். 1772க்குப் பின் ஜெர்மானிய அரசான பிரஷ்யாவின் ஆட்சியில் படைவீடாகவும் கிடங்காகவும் மாறியபோதுதான் உண்மையான சேதம் நேர்ந்தது. தானியம் அடுக்கத் தளம் வேண்டுமென்று வளைவுக் கூரைகளையே இடித்தார்கள்.

மீட்புப் பணி 1817இல் தொடங்கியது. அதன் தொடக்கக் கட்டத்தில் ஆதாரத்தைவிட ஆர்வமே மிகுந்திருந்தது என்பது என் கருத்து. 1882இல் பொறுப்பேற்ற கொன்ராட் ஸ்டைன்பிரெக்ட், நாற்பது ஆண்டுகள் தோண்டியும் அளந்தும் வரைந்தும் வேலை செய்தார். அவரும் சில இடங்களில் ஊகித்துக் கட்டியவர்தான். ஆயினும் விரிவான பதிவுகளை விட்டுச் சென்றார். 1945இல் போர்க் குண்டுகள் கோட்டையில் ஏறத்தாழப் பாதியைச் சிதைத்தபோது, மீண்டும் எழுப்ப உதவியவை முன்னோர் விட்டுச்சென்ற அந்தப் பதிவுகளே. 1961இல் அருங்காட்சியகமானது, 1997இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. கோட்டைத் தேவாலயம் மட்டும் பல பத்தாண்டுகள் சிதைவாகவே காத்திருந்து, 2016இல்தான் திறக்கப்பட்டது. அதன் வெளிமாடத்தில் நின்றிருந்து 1945இல் நொறுங்கிய, சுமார் 8 மீட்டர் உயர மரியன்னை சிலையும் மொசைக் பூச்சுடன் அப்போதுதான் திரும்பி வந்தது.

இங்கே எங்கள் அனுபவம் வேறு. நூறு வயதைத் தாண்டிய ஒரு வீட்டில், சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவரில் செங்கற்களுக்கு இடையிலான இடுக்குகளை யாரோ சிமெண்டால் பூசியிருந்தார்கள். சுண்ணாம்புச் சாந்து செங்கல்லைவிட மென்மையானது. சுவருக்குள் ஏறும் ஈரம் அதன் வழியாக வெளியேறிவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிட்டதால் ஈரம் செங்கல் வழியே வெளியேறி, அதிலிருந்த உப்பு மேல்தோலுக்கு அடியில் படிகமாகி, செங்கல்லின் முகத்தையே தள்ளிவிட்டது. நான் பார்த்தபோது சிமெண்ட் இடுக்குகள் விலா எலும்புபோலத் துருத்தி நிற்க, செங்கற்கள் இரண்டு விரல் ஆழத்துக்கு உள்வாங்கியிருந்தன. நகத்தால் கீறினால் செம்பொடி கொட்டியது. அந்தச் சிமெண்டை இயந்திரம் வைத்துப் பெயர்த்தால் மிச்சமிருக்கும் செங்கல்லும் போய்விடும் என்பதால், சுத்தியும் சிற்றுளியும் கொண்டு ஒரு கொத்தனார் நாளுக்கு ஒரு முழம் வீதம்தான் எடுக்க முடிந்தது.

சாந்துக்குக்கூட வழி இருந்தது. பழைய துண்டு ஒன்றை உடைத்து மணலின் பருமனைப் பார்த்துக் கலந்தோம். இடிந்துபோன வாசல் வளைவுக்குத்தான் ஓர் அளவும் கிடைக்கவில்லை. கடைசியில், அந்த வீட்டுப் பாட்டியின் கல்யாணப் படத்தில் மணமக்களுக்குப் பின்னால் பாதி தெரிந்த வளைவை, பக்கத்துத் தூணில் எண்ண முடிந்த செங்கல் வரிசைகளைக் கொண்டு கணக்கிட்டுத்தான் வரைந்தோம்.