ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குக் கற்றல் கருவி: என்ன கேட்கலாம், எப்படிக் கேட்கலாம்?

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று. பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், 18 வயது வரை புத்தகம், கற்றல் பொருள், தகுந்த உதவிக் கருவி எல்லாவற்றையும் மாணவருக்கு இலவசமாகத் தர வேண்டும் என்கிறது அதன் 17ஆம் பிரிவு. ஆனால் ‘டேப்லெட்’ என்று சட்டத்தில் எழுதியிருக்காது. அதனால் பொருளின் பெயரை மட்டும் சொல்லிக் கேட்காமல், பிள்ளைக்கு எது வரவில்லை, எது கொடுத்தால் வரும் என்று எழுதிக் கேளுங்கள்.

பிள்ளையின் வேகத்துக்கேற்ப மாறும் செயலி எப்படி வேலை செய்யும்? நான்கு படம் காட்டி, “சொம்பு எது?” என்று கேட்கும். இரண்டு மூன்று தடவை தவறினால் படங்களை இரண்டாகக் குறைக்கும். சரியாகத் தொட்டுக்கொண்டே வந்தால் கூட்டும். பத்தாவது தடவையும் குரல் உயராது. ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்கு அதுவே பெரிய நிம்மதி. பேச்சு வராத பிள்ளை படத்தைத் தொட்டால் அவனுக்காகப் பேசும் செயலிகளும் உண்டு. சென்னையில் உருவான ஆவாஸ் அப்படி ஒன்று.

ஆனால் செயலியில் பர்கர் படம் இருந்து பென்னாகரத்துப் பிள்ளைக்கு என்ன பயன்? உங்கள் வீட்டுக் களி உருண்டையை, உங்கள் சொம்பை, பாட்டியின் முகத்தைப் படமெடுத்துச் சேருங்கள். களிப் படத்தைத் தொட்டதும் தட்டில் களி வர வேண்டும். நாலு நாள் அப்படி வந்தால், ஐந்தாம் நாள் பசிக்கும்போது அவனே படத்தைத் தேடுவான்.

சரி, எங்கே தொடங்குவது? முதலில் மாற்றுத்திறனாளிச் சான்றிதழும், யூ.டி.ஐ.டி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும். விண்ணப்பம் இணையவழிதான். தர்மபுரிக்காரர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரிக்கலாம். ஆட்டிசத்தின் பாதிப்பை அங்கே ஐ.எஸ்.ஏ.ஏ என்ற அளவுகோலால் அளப்பார்கள். அதில் 40 அம்சங்கள் உண்டு. பெற்றோரிடம் கேட்டும் பிள்ளையைக் கவனித்தும் மதிப்பெண் போடுவார்கள். அந்த நேரம் பார்த்துப் பிள்ளை அமைதியாக இருந்துவிடலாம். கூச்சப்பட்டு, “எல்லாம் நல்லாத்தான் செய்வான்” என்று சொல்லிவிடாதீர்கள். மிக்சி சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு அழுவதைச் செல்போனில் எடுத்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அப்புறம் வட்டார வள மையம். சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தின் சிறப்புப் பயிற்றுநர்கள் அங்கேதான் இருப்பார்கள். பள்ளிக்கு வரவே முடியாத பிள்ளைக்கு வீட்டுக்கே வந்து பயிற்சி தரவும் அத்திட்டத்தில் வழியுண்டு. தலைமையாசிரியர் வழியாக அந்த மையத்துக்கு ஒரு கடிதம் கொடுத்து, நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். கருவியோடு, அதை இயக்க அம்மாவுக்கோ அப்பாவுக்கோ பயிற்சியும் வேண்டும் என்று அதிலேயே எழுதுங்கள். இது முக்கியம். சொல்லித்தர ஆளில்லாத டேப்லெட் பத்து நாளில் யூடியூப் பெட்டியாகிவிடும்.

பதிலே வராவிட்டால், அந்த நகலை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுக் கொடுங்கள்.